மொன்றியல் என்று ஒரு கார்

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே லொங்குய்யில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்துக்கு அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தரிப்பிடம் முழுக்க மஸ்டாங், கமாரோ என்று பளபளவென்று அமெரிக்க வண்டிகள். கடைசி வரிசையில், ஒரு மரத்தின் நிழலில், செம்மஞ்சள் நிறத்தில் குட்டையாக ஒரு கார் நின்றது. கதவுக்குப் பின்னால் மீனின் செவுள் மாதிரிக் கீற்றுகள். முன் விளக்குகளுக்கு மேலே பாதி மூடின இமைகள். நித்திரை தூங்கி வழிகிற ஒரு மிருகம் போல.

மருமகள் பின்பக்கம் போய் எழுத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "மாமா, இதில எங்கட ஊர்ப் பேர் போட்டிருக்கு!"

மொன்றியல் என்றுதான் எழுதியிருந்தது. அல்பா ரோமியோ மொன்றியல். எனக்கு அந்தக் காரைப் படத்தில் தெரியும். உடனே பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "இதுக்கு எஞ்சின் பின்னால. சீற்றுக்கும் பின் சில்லுக்கும் நடுவில. அந்தச் செவுளைப் பார், எஞ்சினுக்குக் காத்துப் போறதுக்குத்தான் அது."

காரின் சொந்தக்காரர் வெள்ளைத் தலை வைத்த ஒரு கியூபெக் கிழவர். என் தமிழ் அவருக்கு விளங்கியிருக்காது. நான் விரலால் காட்டினது விளங்கியிருக்கிறது. சிரித்துக்கொண்டே வந்து முன் பொனற்றைத் திறந்தார். உள்ளே எட்டு சிலிண்டரோடு எஞ்சின் இருந்தது. முன்னால்.

மருமகள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள்: "மாமா, நீங்கள் பிழையாச் சொன்னனீங்கள்." எஞ்சினியரிங்கில் முதுகலை முடித்தவன் நான். பத்து வருடமாக இந்தப் பிழையை ஆருக்கெல்லாம் சொன்னேனோ தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து தேடினேன். தேடினதில் கிடைத்தது நான் நினைத்ததைவிட நல்ல கதை.

முதலில் இந்த நடு எஞ்சின் என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு மவுசு என்று பார்ப்போம். தண்ணீர்க் காவடி தெரியுமா? தோளில் ஒரு தடி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு குடம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே நடக்கலாம். சட்டென்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் திரும்பின பிறகும் குடங்கள் திரும்ப மாட்டோம் என்று அடம் பிடிக்கும், திரும்பினால் நிற்க மாட்டோம் என்று அடம் பிடிக்கும். அதே இரண்டு குடத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் பம்பரம் மாதிரித் திரும்பலாம். பாரம் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. காரிலும் இதுதான். எஞ்சின்தான் காரிலேயே பெரிய பாரம். அதை மூக்கில் வைக்காமல், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்தால் கார் வளைவில் கேட்டவுடன் திரும்பும். உந்துகிற பின் சில்லுகள் மேலும் பாரம் அழுத்தும், அதனால் பிடிப்பும் கூட.

இதற்குக் கொடுக்கும் விலையும் இருக்கிறது. பின் சீற் இல்லை. காதடியில் சத்தம், முதுகில் சூடு. ஒரு சின்னத் திருத்தத்துக்கும் கை போக இடம் இருக்காது. வழுக்கத் தொடங்கினாலும் பம்பரம்தான், அதை மறக்கக் கூடாது.

பந்தயக் கார்களில் இது பழைய யோசனை. ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் 1930களிலேயே செய்தது. 1959இல் கூப்பர் என்ற சின்ன ஆங்கிலக் கம்பனி, எஞ்சினைப் பின்னால் வைத்த காரோடு போமியூலா வண் உலகப் பட்டத்தை எடுத்தது. ஓட்டினவர் ஜாக் பிரபாம். என்ஸோ பெராரிக்கு இது பிடிக்கவில்லை. மாடு வண்டிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்ற மாதிரி அவர் வாதாடினதாகச் சொல்வார்கள். ஆனால் 1961இல் அவருடைய காரிலும் எஞ்சின் பின்னுக்குப் போய்விட்டது, பட்டமும் கிடைத்தது. பிறகு வாதம் இல்லை.

ரோட்டில் ஓடும் கார்களில் இந்த மாற்றத்தைப் பெரிதாகச் செய்து காட்டியது ஒரு உழவு இயந்திரக் கம்பனிக்காரர் தொடங்கிய நிறுவனம்: லம்போகினி. 1965 நவம்பரில், இத்தாலியின் துரின் நகரக் கண்காட்சியில், உடம்பே இல்லாத ஒரு வெறும் சட்டகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜியான்பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டன்சானியும் உழைத்த சட்டகம் அது. 12 சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி ஓட்டுபவருக்குப் பின்னால் பூட்டியிருந்தார்கள். குறுக்காக வைக்கும் யோசனையும், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒரே வார்ப்பில் சேர்க்கும் யோசனையும் இங்கிலாந்தின் குட்டி மினி காரில் இருந்து வந்தவை. உலகத்தின் மிக ஆடம்பரமான காருக்கு உலகத்தின் மிகச் சிக்கனமான கார் பாடம் சொல்லிக்கொடுத்தது என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

அந்தச் சட்டகத்துக்கு உடம்பு செய்தது பேர்த்தோனே என்ற நிறுவனம். அங்கே வரைந்தவர் மார்ச்செல்லோ கந்தீனி. 1938இல் பிறந்தவர், அப்போது அவருக்கு 27 வயது. சில மாதங்களில் உடம்பு தயார். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டினார்கள். அதுதான் மியூரா. கதவுக்குப் பின்னால் கீற்றுகள், எஞ்சினுக்குக் காற்று எடுக்க. பின் கண்ணாடிக்குப் பதிலாகத் தட்டிகள், சூடு வெளியேற. விளக்கைச் சுற்றிக் கறுப்பு இமை மயிர்கள். 760 சொச்சம் கார்கள்தான் 1973 வரை செய்தார்கள். முதலில் வந்தவற்றில் பெற்றோல் தாங்கி முன்னால் இருந்தபடியால், பெற்றோல் குறையக் குறைய மூக்கு இலேசாகி வேகத்தில் மிதக்கத் தொடங்குமாம். அழகானவர்களுக்கும் குறை உண்டு.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

1967இல் மொன்றியலில் உலகக் கண்காட்சி. எக்ஸ்போ 67 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மொஸ்கோவில் நடக்க வேண்டியது. அவர்கள் 1962இல் கைவிட, மேயர் ஜோன் திராப்போ பிடித்துக்கொண்டார். இடம் எங்கே? ஆற்றுக்கு நடுவில். சென் லோரன்ஸ் ஆற்றில் இருந்த சென்ற்-எலேன் தீவைப் பெருப்பித்தார்கள். பக்கத்தில் நோத்ர்-டாம் தீவை முழுக்க மனிதக் கையால் உண்டாக்கினார்கள். மெற்றோவுக்குச் சுரங்கம் தோண்டி எடுத்த கல்லும் மண்ணும் கொஞ்சம் அதற்குள் கிடக்கிறது. நாங்கள் தினமும் ஏறுகிற மஞ்சள் பாதை, ஆற்றுக்கு அடியால் லொங்குய் வரை, 1967 ஏப்ரல் 1ஆம் திகதி திறந்தது. கண்காட்சி அந்த மாதக் கடைசியில். ஒக்டோபர் 29 வரை ஐந்து கோடிக்கு மேல் ஆட்கள் வந்து போனார்கள். அன்றைக்குக் கனடாவின் மொத்தச் சனத்தொகையே சுமார் இரண்டு கோடிதான். சிலோன் என்ற பெயரில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, யாழ்ப்பாணத்தில் இருந்தார். இப்படி ஒரு மண்டபம் இருந்ததை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

நோத்ர்-டாம் தீவில் மனிதனின் உற்பத்தித் திறனைக் காட்ட ஒரு பெரிய மண்டபம். அதில் மோட்டார் கார் என்பதில் மனிதனின் உச்ச ஆசை என்ன என்று காட்டும் ஒரு வண்டி வேண்டும் என்று இத்தாலியின் அல்பா ரோமியோவைக் கேட்டார்கள். காலம் மிகக் குறைவு. அல்பா ரோமியோ வேலையைப் பேர்த்தோனேயிடம் கொடுத்தது. பேர்த்தோனேயில் பென்சில் பிடித்தவர் அதே கந்தீனி. மியூரா முடிந்த கையின் சூடு இன்னும் ஆறியிருக்காது.

இரண்டு வெள்ளைக் கார்கள் செய்து கப்பலில் அனுப்பினார்கள். அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பார்த்த சனம் அதை மொன்றியல் கார் என்று கூப்பிடத் தொடங்கியது. பிறகு கம்பனியும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது.

இது எங்களுக்குப் புதுசு இல்லை, கவனித்தீர்களா? எங்கள் வீடுகளில் பெரியவர்களை என்னவென்று கூப்பிடுகிறோம்? சுண்ணாகம் மாமி. புங்குடுதீவு பெரியப்பா. கரவெட்டி அன்ரி. சுண்ணாகத்தில் இருந்தபோது அந்த மாமியை ஒருவரும் சுண்ணாகம் மாமி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நான் மொன்றியல் தம்பி. மொன்றியலில் என்னை அப்படி ஆரும் கூப்பிடுவதில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் ஊர்ப் பெயர் ஒட்டும். இந்தக் காருக்கும் அதுதான் நடந்தது.

சரி, எஞ்சின் விஷயம். அந்தக் கார் நடு எஞ்சினுக்காகத்தான் வரையப்பட்டது, பிறகு காசு போதாமல் முன்னுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பி வைத்திருந்ததும் அதன் ஒரு கிளைதான். கீற்றுகளைப் பார்த்தால் எவரும் நம்புவார்கள். ஆனால் எக்ஸ்போவில் நின்ற அந்த இரண்டு கார்களுக்கும் அடியில் இருந்தது என்ன? அல்பா ரோமியோவின் ஜூலியா என்ற சாதாரண காரின் அடிச்சட்டகம். 1.6 லீற்றர், நாலு சிலிண்டர் எஞ்சின். முன்னால்! காசையும் நேரத்தையும் பார்த்து, கையில் இருந்ததை எடுத்தார்கள். எக்ஸ்போவில் எஞ்சினைப் பற்றி அவர்கள் பெரிதாகப் பேசவும் இல்லை. பேசினால் உச்ச ஆசை கொஞ்சம் இறங்கிப்போயிருக்கும். ஆகவே மாற்றினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டகத்தைப் பாராமல் உடம்பை மட்டும் பார்த்துச் சரித்திரம் எழுதினால் இப்படித்தான் முடியும். நான் செய்த பிழையும் அதுதான்.

அப்படியென்றால் கீற்றுகள்? உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றோட்டம் வர ஒரு வழி. மிச்சம் அலங்காரம். பொனற்றின் மேல் இருக்கும் காற்றுத் துவாரம் போன்றதும் அடைத்ததுதான். மியூராவில் வேலை செய்த ஒரு வடிவத்தை, வேலை இல்லாத இடத்தில் கந்தீனி மறுபடி பாவித்திருக்கிறார். சிலர் இதை ஏமாற்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசையைக் காட்டு என்றுதானே கேட்டார்கள்? அன்றைய ஆசை நடு எஞ்சின். அதை வெளியில் காட்டினார், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு முடிச்சு. அதே 1967இல் அல்பா ரோமியோ உண்மையான ஒரு நடு எஞ்சின் காரையும் வெளியிட்டது. பெயர் 33 ஸ்ட்ராடாலே. பந்தயக் கார் ஒன்றை ரோட்டுக்கு ஏற்றமாதிரி மாற்றினது. உடம்பை வரைந்தவர் பிராங்கோ ஸ்காலியோனே. ஒரு மீற்றர்கூட உயரம் இல்லை. 2 லீற்றர் வி-8 எஞ்சின், 230 குதிரைவலு, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். மொத்தம் 18 சட்டகங்கள்தான் செய்தார்கள். 1968இல் கந்தீனி அதில் ஒன்றை எடுத்து ஆப்பு மாதிரிக் கூரான ஒரு உடம்பைப் போட்டார். கராபோ என்று பெயர். கத்தரிக்கோல் போல மேலே திறக்கும் கதவு முதலில் வந்தது அதில்தான். பிறகு லம்போகினி கவுன்ராக்கில் அது உலகப் புகழ் பெற்றது. அதாவது, நடு எஞ்சின் அல்பா ஒன்றை வரைய கந்தீனிக்கு ஆசை இருந்திருந்தால், அதற்குத் தனியாகவே சந்தர்ப்பம் கிடைத்தது.

எங்கள் மொன்றியல் கார் 1970 மார்ச்சில் ஜெனீவாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது அதற்குள் 33இன் வி-8 எஞ்சினைத்தான் போட்டிருந்தார்கள். 2.6 லீற்றராகப் பெருப்பித்து, பந்தயக் கோபத்தைக் குறைத்து, 200 குதிரைவலு. நடு எஞ்சின் காரின் இதயம் முன் எஞ்சின் காருக்குள் வந்து சேர்ந்தது. செவுள்கள் முழுப் பொய்யும் இல்லை என்று இப்போது சொல்லலாமோ?

அந்த எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டினது ஸ்பிகா என்ற இயந்திரப் பம்ப். என் தொழில் கணினி என்பதால் இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன். இன்றைய காரில் எவ்வளவு பெற்றோல் விட வேண்டும் என்பது ஒரு சின்னக் கணினிக்குள் அட்டவணையாக இருக்கும்: இந்த வேகம், இவ்வளவு மிதி, அப்ப இவ்வளவு பெற்றோல். ஸ்பிகா பம்ப்புக்குள் கணினி இல்லை. மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஒரு திசையிலும் மிதிக்கு ஏற்ப இன்னொரு திசையிலும் அது அசையும். அதன் மேட்டைத் தடவிப் பார்த்துப் பெற்றோல் அளவு முடிவாகும். உலோகத்தில் செதுக்கிய அட்டவணை. பிழை இருந்தால் புதுப் பதிப்பு இறக்க முடியாது, அரத்தால் தேய்க்க வேண்டும்.

படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா ஊரில் மெக்கானிக். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டின ஆள். 1987இல் இங்கே வந்தபோது ஒரு அலுவலகத்தில் அவருடைய கடதாசி இங்கே செல்லாது என்றார்கள். கோப்பை கழுவினார், பிறகு ஒரு களஞ்சியத்தில் இருபது வருடம் பெட்டி தூக்கினார். படத்தைப் பார்த்தவுடன், "இது லேலண்ட் பஸ்ஸின்ர டீசல் பம்ப் மாதிரியெல்லோ கிடக்குது" என்றார். தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஸ்பிகா டீசல் பம்ப் செய்த கம்பனிதான். நான் இரண்டு நாளாக வாசித்ததை அவர் கண்ணாடிகூடப் போடாமல் சொல்லிவிட்டார்.

இனித்தான் எனக்கு மனசு கொஞ்சம் கனத்த பகுதி. மொன்றியல் கார் மொன்றியலில் விற்கப்படவே இல்லை. அமெரிக்கா 1970இல் புகைச் சட்டத்தை இறுக்கியது. கனடாவிலும் 1971இல் இருந்து புதிய வாகனச் சட்டம். இந்தச் சந்தைக்கு ஏற்றமாதிரி எஞ்சினை மாற்றி, சோதித்து, கடதாசி எடுக்க அல்பா ரோமியோ செலவு செய்யவில்லை. வட அமெரிக்காவுக்குக் கார் வரவில்லை. ஐரோப்பாவில் விற்றார்கள், 1973 பெற்றோல் நெருக்கடி வந்தது, இப்படித் தாகமுள்ள கார்களை வாங்க ஆளில்லை. 1977இல் நிறுத்தினார்கள். மொத்தம் ஏறக்குறைய 3,900.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். "மற்ற நாட்டில ஓடினதுதானே? அப்ப எஞ்சினில ஒரு பிழையும் இல்லை" என்றார். பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

இப்போது கனடாவில் 15 வருடத்துக்கு மேற்பட்ட கார்களை வெளியில் இருந்து இறக்கலாம். அப்படித்தான் அந்தக் கிழவரின் செம்மஞ்சள் காரும் தன் பெயருள்ள ஊருக்கு வந்திருக்க வேண்டும்.

நடு எஞ்சின் அந்தத் தீவுக்கு வராமலும் போகவில்லை. எக்ஸ்போ முடிந்து 11 வருடம் கழித்து நோத்ர்-டாம் தீவின் பாதைகளை இணைத்துப் பந்தயத் தடம் ஒன்றைக் கட்டினார்கள். 1978 ஒக்டோபர் 8ஆம் திகதி, நல்ல குளிரில், மொன்றியலின் முதல் போமியூலா வண் பந்தயம். வென்றவர் ஜில் வில்நேவ். எங்கள் தென்கரைப் பக்கம், சென்-ஜோன்-சூர்-றிஷ்லியூவில் பிறந்தவர். லொங்குய்யில் இருந்து அரை மணித்தியாலம். பனியில் ஸ்கிடூ ஓட்டிப் பழகின ஆள். அவர் ஓட்டினது இத்தாலியக் கார், பெராரி 312 ரி-3, பன்னிரண்டு சிலிண்டரும் முதுகுக்குப் பின்னால். அவருடைய முதல் வெற்றியும் அதுதான். உச்ச ஆசை என்று ஒரு பொய்ச் செவுள் கார் நின்ற அதே தீவில். 1982 மே 8ஆம் திகதி பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். அந்த வருடமே தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கந்தீனி 2024 மார்ச்சில் காலமானார்.

செப்ரெம்பரில் மருமகளும் நானும் சைக்கிளை மெற்றோவில் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனோம். பந்தயம் இல்லாத நாட்களில் தடத்தில் சைக்கிள் விடலாம். ஒரு சுற்று 4.361 கிலோமீற்றர். மண்டபம் எங்கே நின்றது என்று தேடினோம். எக்ஸ்போவின் பெரும்பகுதியை எப்போதோ இடித்துவிட்டார்கள், புல்லும் மரமும்தான். அவள் இரண்டு சுற்று ஓடினாள், நான் ஒரு சுற்றோடு நின்று தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது கேட்டாள்: "மாமா, அந்தத் தாத்தாவிட்ட கேட்டு, லைற் போட்டா இமை திறக்குமோ எண்டு பாப்பமா?"

திறக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. வருகிற கோடையில் அவளே கேட்கட்டும்.